சந்தேகம் அக்கா

"கூடாது ஓட்டக் வாகனம் நேரத்தில் அந்த. வரலாம் தூக்கம்." மர ஸ்கேலை ஒரு வரி மேலே தள்ளுகிறார். "சாப்பிடவும் பிறகு உணவுக்குப் மாத்திரை ஒரு." ஸ்கேல் இன்னொரு வரி மேலே போகிறது. குரல், உதடு அசைகிற அளவுக்குத்தான். இடது கைச் சுட்டுவிரல் ஒவ்வொரு சொல்லையும், பேருந்தில் ஆள் எண்ணும் நடத்துனரைப்போல, தொட்டுத் தொட்டு விடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எதிர்மேசையிலிருந்து இது காதில் விழுந்தபோது, ஏதோ நவீன கவிதையை வாசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். நல்ல கவிதையாகவும் பட்டது. யாருடையது என்று கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள்தான் அது சளி மாத்திரைத் தாள் என்று தெரிந்தது.

மருந்துப் பெட்டியைத் திறந்தால் எட்டாக மடிந்து ஒரு நீளத் தாள் கிடக்குமே, எல்லோரும் படிக்காமலே தூக்கிப் போடுவார்களே, அதைத்தான் எங்கள் அச்சகம் அச்சடிக்கிறது. அதை முழுக்கப் படிக்கும் ஒரே ஜீவன் இவர். பிழை திருத்துபவர், மேசை எண் நாலு. படிப்பது கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு. "முன்னாலேர்ந்து படிச்சா அர்த்தம் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும் தம்பி. எழுத்து கண்ணுல படாது. பின்னாலேர்ந்து வந்தா ஒவ்வொரு வார்த்தையும் தனியா நிக்கும். தனியா நின்னா மாட்டிக்கும்."

பிழை என்றால் சிவப்பு வட்டம். பிழையா இல்லையா என்று தெரியாவிட்டால், ஓரத்தில் 'ச' என்று எழுதி ஒரு கேள்வி. ச என்றால் சந்தேகம். எழுதியவர் பதில் சொல்லியாக வேண்டும். மற்ற மேசைகளில் வாரத்துக்கு இரண்டு ச விழுந்தால் அதிகம். நாலாம் மேசையில் தாளுக்கு நாலு. அப்படித்தான் அவர் சந்தேகம் அக்கா ஆனார். அந்தப் பெயர் தனக்கு இருப்பது தெரியாத மாதிரி நடந்துகொள்வார். ஆனால் 'சந்தேகம்' என்று யாராவது போனில் சொன்னால்கூடத் தலை நிமிர்ந்துவிடும்.

எல்லாச் சந்தேகமும் தீர்ந்தால் வயலெட் மையில் ஒரு முத்திரை: 'பார்த்தாச்சு'. முன்பு 'சரிபார்க்கப்பட்டது' என்று கௌரவமாக ஒன்று இருந்ததாம். அது உடைந்ததும் மானேஜர் முத்திரை செய்பவரிடம் போனில், பார்த்தாச்சுங்கற மாதிரி ஏதாவது போடுப்பா என்றிருக்கிறார். அவர் காதில் விழுந்ததை அப்படியே செதுக்கிக் கொடுத்துவிட்டார். அக்கா ஒரு மாதம் வரை, முத்திரை குத்தி, அதன் பக்கத்திலேயே ஒரு ச போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆளைப் பார்த்தால் தெரியாது. சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, முழங்கை வரை இறங்கிய ஸ்வெட்டர், கொண்டையில் செருகிய சிவப்புப் பேனா. அந்தப் பேனாவைத் தேடுவதில் தினமும் பத்து நிமிஷம் போகும். எங்கள் கட்டட லிப்டில் 'ஐவர் மட்டும் எறவும்' என்று ஓர் அறிவிப்பு. அந்த எகரத்துக்குக் காலை நீட்டிவிட நின்றதில் இரண்டு முறை லிப்ட் அவரை விட்டுவிட்டுப் போனது. மூன்றாம் முறை திருத்திவிட்டார். ஆனால் அன்றைக்கு உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள்.

அந்தச் சந்தேகத்தை முழுசாகக் கேலி செய்துவிடவும் முடியாது. நான் சேர்வதற்கு முந்தைய வருஷம், குழந்தைகள் குடிக்கும் ஒரு சிரப்பின் தாளில் 2.5 மில்லி என்பதில் புள்ளி விழாமல் 25 ஆகியிருந்தது. மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தாள். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு இவர் எழுந்துபோய், எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு, நிறுத்துங்க என்றாராம். மானேஜர் கத்தினாராம். பிறகு தாளைப் பார்த்தாராம். பிறகு அங்கிருந்த காகிதக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து வயலெட் முத்திரை விழாத தாள் மெஷின் பக்கம் போவதில்லை.

ஆக, சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்கு வேலையே. சிக்கல் என்னவென்றால், ஐந்தரை மணிக்கு மேசையைப் பூட்டும்போது சந்தேகத்தையும் உள்ளே வைத்துப் பூட்ட அவருக்குத் தெரியாது.

அவர் கதை எழுதுகிறார் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. நான் தாள்களைத் தட்டச்சு செய்து பக்கம் கட்டுபவன். ஒருநாள் என் மேசைத் தட்டில் வந்து விழுந்த தாள்கட்டில் ஒரு கழிவுத் தாளும் கலந்திருந்தது. ஒரு பக்கம் அச்சில், 'பின்விளைவுகள்: தலைசுற்றல், நாவறட்சி, காரணமற்ற எரிச்சல்'. மறுபக்கம் பொடிக் கையெழுத்தில் இரண்டு ஓரகத்திகள். ஒரே வீட்டில் பெரியவள் கீழே, சின்னவள் மாடியில். மாடிப்படிக்கு அடியில் இருவருக்கும் பொதுவாக ஒரு வாஷிங் மெஷின். ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. இவள் விட்டுப்போன சோப்புப் பவுடர், அவள் மூடாமல் போன மூடி, வேண்டுமென்றே பாதியில் நிறுத்திய சுழற்சி, இவைதான் அவர்கள் பரிமாறிக்கொள்ளும் செய்திகள். தாளின் இரு பக்கமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வதாக எனக்குப் பட்டது.

திருப்பிக் கொடுத்தபோது காது சிவந்துவிட்டது அவருக்கு. படிச்சியா என்று கேட்கவில்லை. பின்னாலேர்ந்து படிச்சியா, முன்னாலேர்ந்து படிச்சியா என்று கேட்டார். முன்னாலிருந்து என்றேன். போச்சு என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்த முதல் அத்தியாயத்தை அவர் பதினோரு வருஷமாக எழுதுகிறார். பத்தொன்பது வடிவங்கள் இருக்கின்றன. இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகவே இல்லை. "ஒண்ணைத் திருத்தினா அது பக்கத்துல இருக்கறதைக் கூப்பிடுது தம்பி. அது அடுத்ததைக் கூப்பிடுது. கடைசியில எல்லாம் சேர்ந்து முதல் வரியில வந்து நிக்குது." இணையத்தில் ஒரு தொடர்கதைத் தளம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னேன். தெரியும் என்றார். நாலு வருஷமாக அதில் கணக்கு வைத்திருக்கிறாராம். மூன்று வாரம் யோசித்து, யாரும் கண்டுபிடிக்காதபடி, 'நாலாம் மேசை' என்று புனைபெயரும் வைத்துக்கொண்டாராம். கதை மட்டும்தான் போடவில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேள்வி கேட்க வராது. அதனாலேயே அவர் சொன்னார். "ஊர்ல இருக்கறவங்க எழுதினதையெல்லாம் வட்டம் போட்டு அனுப்பறேன். நாளைக்கு என்னுதுல ஒருத்தன் வட்டம் போட்டான்னு வை. அப்புறம் இந்த முத்திரையை எவன் மதிப்பான்? ஒரு புள்ளிக்காக மெஷினை நிறுத்துன்னா நிறுத்துவானா?" இதைச் சொல்லும்போது முத்திரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கேலிக்கு இடமில்லாத கேள்விதான். நான் டீ வாங்கிவந்து வைத்தேன். கோப்பையில் அச்சடித்திருந்ததைப் பின்னாலிருந்து படித்துவிட்டுத்தான் குடித்தார்.

முடிச்சை அவிழ்த்தது அவர் மகள். படிப்பு முடிந்து, வெளியூரில் வேலை கிடைத்து, இரண்டு மாதத்தில் கிளம்ப இருந்த பெண். அம்மா மறந்து வீட்டிலேயே விட்டுவந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஒரு திங்கட்கிழமை அலுவலகம் வந்தாள். மேசையில் இருபதாவது வடிவம் தொடங்கியிருப்பதைப் பார்த்தாள். "அம்மா, நீ முடிச்சுட்டுப் போடறதுக்குள்ள இன்டர்நெட்டே இருக்காது" என்றாள். அக்கா, இருக்கட்டும், இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடறேன் என்றார். மகள் என்னைச் சாட்சிக்கு ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். நீ போடலைன்னா நான் டைப் பண்ணிப் போடறேன். என் ஸ்பெல்லிங்கோட."

அவளுடைய எழுத்துப்பிழைகளைப் பற்றி அந்த வீட்டில் ஒரு தனி வரலாறே உண்டு. ஆறாம் வகுப்பில், 'என் தாய்' என்ற கட்டுரையை முதலிலிருந்து முடிவு வரை 'என் தாள்' என்று எழுதியவள். அக்கா வெளிறிப்போனார். அன்று மதியமே பத்தொன்பதாவது வடிவத்தை என் தட்டில் வைத்து, தம்பி, நீயே அடிச்சுக் கொடுத்துடு என்றார்.

எங்கள் அச்சகத்தில் தட்டச்சு செய்பவனுக்கு ஒரே சட்டம்தான்: இருக்கறதை அப்படியே அடி. பிழை என்று பச்சையாகத் தெரிந்தாலும் கைவைக்கக் கூடாது. மருந்துத் தாளில் நாங்கள் கெட்டிக்காரத்தனம் காட்டினால் யாருக்காவது ஆபத்து. அதனால் இருந்ததை அப்படியே அடித்தேன். கடைசிப் பத்திக்குப் பக்கத்தில், ஓரத்தில், ஒரு வரி இருந்தது: 'ச: பெரியவ ஏன் பேச்சை நிறுத்தினா? எனக்கே தெரியல.' அதையும் அடித்தேன், தனி வரியாக, அத்தியாயத்தின் முடிவில். அது அவர் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் படிக்கும் கவிதைகளெல்லாம் இப்படித்தான் முடியும். சொல்லப்போனால், அந்த அத்தியாயத்திலேயே சிறந்த வரி அதுதான் என்று நினைத்தேன்.

அக்கா அச்சுப்படியை எடுத்துக்கொண்டு ஸ்கேலோடு உட்கார்ந்தார். கடைசி வரியில் தொடங்கினார். "தெரியல எனக்கே. நிறுத்தினா பேச்சை ஏன் பெரியவ." ஒவ்வோர் எழுத்தும் சரி. மேலே போய்விட்டார். முதல் சொல்லை எட்டியதும் பழக்கத்தில் முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, தாளின்மேல் கொண்டுபோய், அந்தரத்தில் நிறுத்தினார். "சொந்தச் சரக்குக்கு நானே குத்திக்கறதா? வேணாம்." முத்திரை பெட்டிக்குத் திரும்பியது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், என் கணினியில், ஊசி போட்டுக்கொள்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஆச்சா என்றார். ஆச்சு என்றேன். கண்ணைத் திறக்காமலே தன் மேசைக்குப் போக முயன்று நாற்காலியில் முட்டிக்கொண்டார்.

ஞாயிறு வரை நான்கு பேர் படித்திருந்தார்கள். ஒன்று நான், ஒன்று மகள், ஒன்று மகளின் இன்னொரு கணக்கு. திங்கட்கிழமை அக்கா என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். இணையத்தில் ஸ்கேல் வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் முன்னாலிருந்து படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது எனக்கு நானே போட்டுக்கிட்ட ச."

இருக்கறதை அப்படியே அடி என்று ஏதோ முனகினேன்.

"எடுத்துடு. உடனே எடு. எனக்குத் தெரியலைங்கறதை ஊருக்கே அடிச்சுக் காட்டியிருக்கே."

நீக்கும் பொத்தானைத் தேடிப் பக்கத்தைக் கீழே தள்ளினேன். பொத்தானுக்கு முன்பாக, அந்த நான்காவது ஆள் எழுதிய குறிப்பு வந்து நின்றது. பெயர் எதுவும் இல்லை. 'என் ஓரகத்தி என்னிடம் பேசி ஆறு வருஷம் ஆகிறது. நானும் காரணத்தை தேடித்தேடிப் பார்த்துவிட்டேன். எனக்கும் தெரியவில்லை. எழுதுகிறவருக்கே தெரியவில்லை என்று படித்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் உண்டா?'

அக்கா திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை படித்தார். அப்போதும் முன்னாலிருந்துதான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "'காரணத்தை'க்கு அப்புறம் ஒரு த் விட்டுப்போச்சு இந்தம்மாவுக்கு." அப்புறம், "இருக்கட்டும்" என்றார். என் கையிலிருந்த மவுஸை மெதுவாக நகர்த்தி வைத்தார்.

இரண்டாம் அத்தியாயம், பதினோரு வருஷம் வராதது, நான்கு நாளில் வந்தது. மூன்றாவதிலிருந்து இரண்டு விரலால் அவரே தட்டச்சு செய்யத் தொடங்கினார். என்னை நம்ப முடியவில்லையாம். வெள்ளிதோறும் சாப்பாட்டு இடைவேளையில் ஓர் அத்தியாயம். ஒவ்வொன்றின் முடிவிலும், இப்போது வேண்டுமென்றே, ஒரு ச. அதற்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரியவளின் நீல நைட்டிக்குச் சின்னவளின் சிவப்புச் சாயம் ஏறியதுதான் காரணம் என்று ஒரு கட்சி. கணவன்மார்கள்தான் காரணம், ஆனால் அவர்களுக்கே அது தெரியாது என்று இன்னொரு கட்சி. வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவர், 'மேடம், தண்ணி போற பைப்பைப் பார்க்கச் சொல்லுங்க. பாதி வீட்டுல சண்டை அங்கதான் ஆரம்பிக்குது' என்று எழுதினார். அதை அவர் நகைச்சுவையாக எழுதியதாகத் தெரியவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த பைப் வந்தது.

வாரம் தவறாமல் ஒற்றுப்பிழைகளை மட்டும் பட்டியல் போட்டு அனுப்பும் ஒரு வாசகரும் வாய்த்தார். அவருக்கு நாங்கள் ஒற்றன் என்று பெயர் வைத்தோம். முதல் பட்டியல் வந்த அன்று அக்கா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றாவது பட்டியலுக்கு, 'நன்றி. ஐந்தாவது பிழை, பிழை இல்லை' என்று பதில் எழுதினார். ஏழாவது வாரத்தில், இன்னும் ஒற்றனைக் காணோமே, உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார். வெளியான அத்தியாயங்களில் போய்த் திருத்திவிடலாமே என்று ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வேணாம் தம்பி. கூப்பிட ஆரம்பிச்சுடும்."

எட்டாம் அத்தியாயம்தான் பரபரப்பானது. வேலைக்கு ஓடும் அவசரத்தில் சின்னவள் ஈரத் துணிகளை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. அடுத்த வரி இது: 'பெரியவள் அந்தத் துணிகளை எடுத்து உதறி, காயவைத்து, மடித்து, மாடிப்படியின் மூன்றாம் படியில் வைத்தாள்.' அவ்வளவுதான். ஒரு பேச்சு இல்லை. அந்த ஒரு வரிக்கு நூற்று நாற்பது பேர் எழுதினார்கள். மெக்கானிக் 'மேடம்' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டார். முதல் வாரம் எழுதிய பெயரில்லாத பெண், தானும் ஒரு வாளித் துணியை மடித்து வைத்துவிட்டு வந்திருப்பதாகவும், இன்னும் கதவு திறக்கவில்லை, ஆனால் வாளியைக் காணோம் என்றும் எழுதினாள்.

அந்த அத்தியாயத்தோடுதான் மானேஜரும் கண்டுபிடித்தார். 'நாலாம் மேசை' என்ற பெயரை அவிழ்க்க அவருக்கு எட்டு வாரம் பிடித்ததுதான் ஆச்சரியம். திங்கட்கிழமை, அச்செடுத்த தாளோடு எங்கள் அறைக்கு வந்தார். வட்டங்கள் போட்டிருந்தார், அதுவும் சிவப்பில். "என்ன மேடம், எங்களையெல்லாம் ஒரு புள்ளிக்கு நிறுத்தி வைப்பீங்க. இங்க ஆறு போயிருக்கே" என்றார். மெஷின் அறை ஆட்கள்கூட வாசலில் வந்து நின்றார்கள். அக்கா பதினோரு வருஷம் பயந்த நாள் இதுதான். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தாளை வாங்கினார். ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். தலையணை ஓரிடத்தில் தலையனை, கீழே இன்னோரிடத்தில் கிழே, ஒற்று நாலு. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏழு இருக்கு சார். ஒண்ணை விட்டுட்டீங்க."

வாசலில் சிரிப்பு வெடித்தது. மானேஜரும் சிரித்தார், ஆனால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை வரை கண்ணாடி அறைக்குள் அவர் உதடு அசைவது தெரிந்தது, பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தார். போகும்போது, ஏழாவது எதுங்க என்று கேட்டார். அக்கா பேனாவைக் கொண்டையில் தேடிக்கொண்டே, தேடுங்க சார் என்றார். மறுநாள் காலை, வழக்கம்போல, வயலெட் முத்திரை விழும்வரை ஒரு தாளும் மெஷினுக்குப் போகவில்லை. நானும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆறுதான் இருந்தது. சும்மா ஒரு போடு போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மகளைப் புது ஊரில் குடிவைத்துவிட்டு வர அக்கா விடுப்பில் போனார். மூன்றாம் நாள் எனக்கு ஒரு நீளத் தாளின் ஓரத்தை அளக்க வேண்டியிருந்தது. போனில் கேட்டேன். ஸ்கேல் மேல் டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள், முனையில் பிசிறு இருக்கும், கையைப் பார்த்துக்கொள் என்றார்.

ஸ்கேலுக்கு அடியில், மருந்துத் தாள் மாதிரி எட்டாக மடித்து, எட்டாம் அத்தியாயத்தின் அச்சுப்படி இருந்தது. மூலையில் வியாழக்கிழமைத் தேதி, தளத்தில் போட்டதற்கு முந்தின நாள். ஏழு சிவப்பு வட்டங்கள். எதற்கும் திருத்தம் எழுதவில்லை. ஆறு, மானேஜர் பிடித்த அதே ஆறு. ஏழாவது, துணியை மடித்து வைக்கும் அந்த வரியில், 'பெரியவள்' என்ற சொல்லைச் சுற்றி இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில்: 'ச: திரும்பி வந்த சின்னவள்னுதான் அடிக்க நினைச்சேன். இவ எப்படி இங்க வந்தா?'

அதற்குக் கீழே, வட்டத்தின்மேல் பாதி ஏறினாற்போல், வயலெட் மையில்: பார்த்தாச்சு.